ஆரு தரும்?

‘தரும்’ என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வருஷம் முழுக்க செல்லபாய்க்கு வயிறு எரிந்தது. சொல்லின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பசு பால் தரும், மரம் நிழல் தரும் என்று அவளே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிலேட்டில் எழுதிப் போட்டிருக்கிறாள். டவுனில் மணிமேடைக்கு மேற்கே, பாத்திரக்கடை மாடியில் டுட்டோரியல் நடத்திய முத்துநாயகம் அந்தச் சொல்லை வெற்றிலை போலக் குதப்பிக் குதப்பி அவள் முன்னால் துப்பியதில்தான் அதற்கு அந்தக் கேடு வந்தது.

“பைசாவா? தரும் டீச்சரே.”

“இந்த மாசம் தரும்.”

“தராம எங்க போவும்? தரும்.”

யார் தருவார், என்றைக்குத் தருவார் என்று விளக்குப் பிடித்துத் தேடினாலும் அந்தச் சொல்லுக்குள் ஆளைக் காணமுடியாது.

அந்தப் புரட்டாசியில் கன்னிப்பூ போகத்தின் அறுப்பு மழையில் மாட்டிக்கொண்டது. சுசீந்திரத்துக்குக் கிழக்கே அவள் புருஷன் ராஜையன் பாட்டக் குத்தகைக்கு எடுத்து விதைத்த வயலில் கதிர் சாய்ந்து, நாலு நாள் தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளை விட்டது. அறுத்துக் கட்டிக் களத்தில் கொண்டு போட்டபோது கட்டுக்குள்ளிருந்து பச்சை முளை எட்டிப் பார்த்தது. அடித்துத் தூற்றினால் பாதி பதர். ஈர வைக்கோலின் புளித்த வாடை களம் முழுவதும் நின்றது.

ஆனாலும் அறுத்த பெண்களுக்குக் கூலி நெல்லாகக் கொத்து அளக்காமல் களத்திலிருந்து நெல் நகராது. ராஜையன் மரக்காலை எடுத்து அவரவருக்கு உள்ளதை அளந்து போட்டான். முளைத்த நெல்லாயிற்றே என்று ஒரு கை கூடவே போட்டான். பெண்கள் முந்தியில் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். மிச்சம் கிடந்ததைப் பார்த்தால் நெற்பொலி மாதிரியே இல்லை.

குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார் பண்ணையின் காரியஸ்தர்.

“ராஜையா, போன பூவுக்க பாட்டமும் பாக்கி நிக்குது. தெரியுமில்லா?”

“தெரியும் ஏமானே.”

“கும்பப்பூவுக்கு நாத்து பறிக்கியதுக்கு முன்ன வந்து சேரணும். இல்லாட்டா வயலு வேற ஆளுக்குப் போவும். பொறவு எங்கிட்ட வந்து அழப்பிடாது.”

“தருவேன் ஏமானே.”

பதர் கூட்டிக்கொண்டிருந்த செல்லபாய் விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கையில் காசில்லாத மனுஷன் ‘தருவேன்’ என்கிறான். கை நிறைய வைத்திருக்கிறவன் ‘தரும்’ என்கிறான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குடையையே பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. பாவம், குடைக்காரர் மேல் இல்லை அந்த ஆத்திரம்.

*

செல்லபாய் மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரி. தமிழும் மலையாளமும் ஒரே பாயில் படுத்துறங்கும் ஊர். டீச்சர் டிரெயினிங் முடித்து அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். கல்யாணமாகி நாஞ்சில் நாட்டுக்கு வந்த பிறகு இங்கே வேலை அமையவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அதில் வருவதில் உப்புப் புளி வாங்கினாள். அவளுடைய இழுவைப் பேச்சைக் கேட்டு நாத்தனார்மார், “மலையாளத்தாளுக்குப் பாட்டு வருது பாரு” என்று சிரிப்பார்கள். அந்த இழுவைக்கும் ஒரு நாள் விலை வரும் என்று அவளே நினைக்கவில்லை.

வைகாசியில் முத்துநாயகம் தேடி வந்தார். அஞ்சுகிராமத்துக்காரர்தான், ஆனால் இருபது வருஷம் திருவனந்தபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து நாக்கு பாதி அக்கரைக்குப் போயிருந்தது. நவம்பரில் இங்குள்ள நாலு தாலுகாவும் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது, தமிழ் தெரியாத கிளார்க்குமார் பரீட்சை எழுதவேண்டி வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. பேச்சு மெய்யோ பொய்யோ, பயம் மெய். இங்கேயே வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட மலையாளத்துக் கிளார்க்குமார் தமிழ் படிக்க ஆள் தேடி அலைந்தார்கள். முத்துநாயகத்துக்கு மூக்கில் வியர்த்தது.

அவள் வைத்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பிட்டு, கையை நக்கிவிட்டு அவர் சொன்னார்: “மலையாளம் அறிஞ்சவனுக்குத் தமிழ் படிப்பிக்க இருபத்திநாலு பாடம் வேணும் டீச்சரே. ரெண்டும் தெரிஞ்ச ஆளு நீங்கதான். பாடம் ஒண்ணுக்கு அஞ்சு ரூபா தரும்.”

மலையாளத்தில் நானும் தரும், நீயும் தரும், அவரும் தரும். மார்த்தாண்டத்துக்காரியின் காது அதைத் ‘தருவேன்’ என்றே வாங்கிக்கொண்டது. இந்தப் பக்கத்துப் பெண்ணாயிருந்தால் “ஆரு?” என்று கேட்டிருப்பாள். இரண்டு மொழியும் தெரிந்ததால் வந்த மோசம் அது.

சாயங்காலப் பிள்ளைகளை நிறுத்தினாள். காலையில் பாலைக் கறந்து கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தால் உலை கொதித்துக் கஞ்சி அடிப்பிடிக்கும் வாடைதான் அவளை எழுப்பும். எழுதுவதோடு வேலை தீரவில்லை. பத்திர ஆபீஸ் கிளார்க் குட்டன் பிள்ளை சுசீந்திரத்தில்தான் குடியிருந்தார். அவர் வீட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்து, அவருடைய சம்சாரத்திடம் எழுதிய பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். அந்த அம்மாளின் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே குறி வைத்துக்கொண்டு வந்து கிழித்துப் போட்டு மறுபடி எழுதுவாள். சில பாடத்தை மூன்று தடவை எழுதினாள்.

அப்படிக் கண்டுபிடித்ததுதான் வால். மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது. ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு. தமிழிலோ வந்தேன், வந்தாய், வந்தாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வால். கிளார்க்குமார் தடுக்கி விழுவதெல்லாம் அந்த வாலில்தான். ‘வாலைப் பிடி, ஆள் அகப்படுவான்’ என்று பாடத்தின் தலையில் எழுதி வைத்தாள். முதலில் நிகழ்காலம், பிறகு எதிர்காலம். இறந்தகாலம் கடைசியில். அதுதான் பெரிய முறுக்கு. வந்தேன், போனேன், கேட்டேன், நின்றேன் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதற்கு மட்டும் எட்டுப் பாடம் ஒதுக்கினாள்.

பதினாறு பாடம் போய்ச் சேர்ந்தது. காகிதம் வாங்க என்று முதலில் கொடுத்த பத்து ரூபாயோடு சரி.

*

களத்திலிருந்து வந்த மறுநாள், கடைசி எட்டுப் பாடத்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு டுட்டோரியலுக்குப் பஸ் ஏறினாள். கீழே கடையில் பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுக்கும் சத்தம் மாடி வரை கேட்டது. முத்துநாயகம் புது நாற்காலியில் இருந்தார். போன தடவை அங்கே ஸ்டூல் கிடந்தது.

“இரிக்கணும் டீச்சரே. சாயா சொல்லட்டா?”

“சாயா வேண்டாம் சார். பதினாறு பாடம் தந்தாச்சு. அதுக்க பைசா வேணும்.”

“தரும்.”

“எப்பம்?”

“பாக்கி எட்டும் வரட்டு. எல்லாத்துக்கும் ஒக்கெ சேத்துத் தரும்.”

“பத்துப் பாடம் ஆனா பாதி தருவேன்னு சொன்னீங்க.”

முத்துநாயகம் சிரித்தார். “நல்லா ஓர்த்துப் பாருங்க டீச்சரே. தருவேன்னா சொன்னேன்? தரும்னாக்கும் சொன்னேன். ரெண்டும் ஒண்ணா? ஆளு சேரணும், பீஸு பிரியணும், வாடகை போவணும், ஸ்டென்சிலுக்க செலவு போவணும். பொறவு மிஞ்சினா தரும்.”

செல்லபாய்க்கு அப்போதுதான் விளங்கியது. இந்த ஆளுக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்துதான் அவள் வீட்டில், அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டு அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். வாலைப் பிடி என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்தவள் வால் இல்லாத சொல்லை நம்பி நாலு மாசம் குனிந்து எழுதியிருக்கிறாள்.

“ஆளு சேரல்லியா சார்? பெஞ்சு போராதுன்னு சொவருல சாஞ்சு நிக்கதாட்டு குட்டன் பிள்ளை சார் சொன்னாரே.”

“அது பாதிப்பேரு சும்மா கேக்க வாறவன்.” அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. “டீச்சரே, இது என்ன, மொதலு போட்ட காரியமா? ஒங்க மண்டையில கெடந்தது. வீட்டில இருந்து, அடுப்பு வேலைக்கு எடையில எழுதினது. இதுக்குப் போயி நாள்கூலி மாதிரி கணக்குச் சொன்னா எப்பிடி?”

“களத்தில நெல்லறுக்கியவளும் மொதலு ஒண்ணும் போடல்ல சார். அருவாளும் கையும் தான். அவளுக்குக் கொத்து அளக்காம நெல்லு வீடு போய்ச் சேருமா? எங்க வீட்டுக்காரரு நேத்து முளைச்ச நெல்லில அளந்து குடுத்தாரு. எங்களுக்கு மிஞ்சினா தரும்னு சொல்லல்ல.”

“சே, டீச்சர்மாரு கூலி, கொத்துன்னு பேசப்பிடாது. இது தமிழுக்குச் செய்த தொண்டு. இதுக்குள்ள பேரு சன்மானம். நான் ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி இணைப்பு விழா நடத்துதோம் பாத்துக்கிடுங்க. பெரிய ஆளுகள் வரும். மேடையில கூப்பிட்டு ஒங்களுக்குப் பொன்னாடை போத்தும்.”

“ஆரு போத்தும்?”

“ஆரோ ஒராளு போத்தும்.”

“பொன்னாடையெ உலையில போட்டா பொங்குமா சார்?”

அவர் முகம் கறுத்தது. அவள் நிறுத்தவில்லை. “சன்மானம்னா நீங்க மனசிரங்கித் தாறது. கூலின்னா நான் செய்ததுக்கு உள்ளது. எனக்குக் கூலி மதி, அது போரும். ஐப்பசியில பாட்டம் அளக்கல்லன்னா எங்க வயலு போவும். நான் பிச்சை கேட்டு வரல்ல.”

“அப்பிடின்னா அந்த எட்டையும் நீங்களே வச்சுக்கிடுங்க. வேற ஆளு எழுதும்.”

“எழுதட்டு” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

*

வீட்டில் ராஜையன் மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

“சார் தந்தாரா?”

“தரும்.”

அவன் கஞ்சிச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தான். பயறும் காணத் துவையலும் இருந்தது. இரண்டு கை எடுத்த பிறகு, “சவத்தெ விடு செல்லபாய்” என்றான். “படிச்சவனுக்க கூட மல்லுக்கு நிக்க நம்மளால ஆவுமா? பசுவை வித்தா பாட்டத்துக்கு ஆவும்.”

“பசுவை வித்தா பிள்ளைகள் என்னத்தைக் குடிக்கும்?”

“வயலு போனா என்னத்தைத் திங்கும்?”

“அதுக்கு அவரு நாக்காலி வாங்கணும், நாம பசுவை விக்கணும், இல்லியா? நாலு மாசம் நான் என்ன, கோலமா போட்டேன்? நீங்க ஒரு நாளாவது வயலில எறங்கிட்டுக் கூலி வேண்டாம்னு வந்திருக்கீங்களா?”

“ஏட்டி, எனக்க மேல எதுக்குப் பாயுதே? நான் வேணும்னா கூட வாறேன். ரெண்டு வார்த்தை கேக்கேன்.”

“நீங்க வரப்பிடாது. நீங்க வந்தா, வாங்க ராஜையா, குடும்பத்தில ஆம்பளைகிட்ட பேசுதேன்னு தோளில கைபோட்டு, சாயா வாங்கித் தந்து அனுப்பிருவாரு. எழுதினது நானாக்கும். நானே கேக்கேன்.”

அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினான். “சரி. ஆனா ஒண்ணு. அவருக்க மாடி முறியில ஒத்தையில போய்க் கேக்காதே. களத்தில வச்சு கேளு. கொத்துத் தகராறு எப்பவும் களத்திலதான் தீரும். நாலுபேரு நிக்கியெடத்தில மரக்கால் சாயாது.”

இருபது வருஷத்தில் ராஜையன் சொன்ன எந்தப் பேச்சும் அவளுக்கு இவ்வளவு பிடித்ததில்லை. “நாளை கழிஞ்சு சனியாழ்ச்ச கிளாஸ்” என்றாள்.

*

சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்த கிளார்க்குமார் மாடி முழுவதும் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சும்மா கேட்க வந்தவனாக ஒருத்தனும் அவள் கண்ணில் படவில்லை. எல்லார் கையிலும் சைக்ளோஸ்டைல் செய்த அவளுடைய பாடம் இருந்தது. அவள் போட்ட கோடு, அவள் வைத்த நட்சத்திரம், அவள் எழுதிய ‘வாலைப் பிடி, ஆள் அகப்படுவான்’. அவள் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அடியில் ‘பிரின்ஸிப்பால், முத்துநாயகம்’ என்று இருந்தது.

அவள் வாசலில் நிற்பதை முதலில் பார்த்தவர் குட்டன் பிள்ளை. ஓய்வு பெற மூன்று வருஷமே பாக்கி இருந்த மனுஷர், சின்னப் பையனைப் போல எழுந்து நின்றார்.

“வணக்கம் டீச்சர். நான் நிற்கிறேன். நீங்கள் வருகிறீர்கள்.” தமிழில் ஒரு வாக்கியம் சரியாக வந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, “ஈ பாடம் ஒக்கெ எழுதியது இவராணு” என்று மலையாளத்தில் சொன்னார். எல்லாத் தலையும் திரும்பியது.

முத்துநாயகம் கையிலிருந்த சாக்கட்டியை வைத்தார். “டீச்சரே, கிளாஸ் நடக்குது. பொறவு பேசலாம்.”

“இல்லை சார், இங்க வச்சே பேசலாம். பாடம் சம்பந்தமாத்தான்.”

பின்வரிசையிலிருந்து ஒரு இளவட்டக் கிளார்க் கேட்டான்: “டீச்சர், இறந்தகாலம் எப்போது வரும்? நாங்கள் தினமும் கேட்கிறோம். ‘வரும், வரும்’ என்று சார் சொல்கிறார்.”

“இறந்தகாலம் எட்டுப் பாடமும் எம் பையில இருக்கு. நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் உள்ள கூலி இன்னும் வரல்ல. அதனாலதான் இது எறங்கல்ல.”

நின்றுகொண்டிருந்த குட்டன் பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார். “நாங்கள் பீஸ்...” என்று தொடங்கி வால் தெரியாமல் திணறினார். “பீஸ் கொடுத்து... கொடுத்து...”

“கொடுத்தோம்” என்றாள் செல்லபாய்.

“கொடுத்தோம்” என்றார் அவர். “எல்லாரும் கொடுத்தோம். முழுவனும் கொடுத்தோம்.”

முத்துநாயகம் சிரிக்கப் பார்த்தார். “அய்யோ, இதுக்கா இவ்வளவு? டீச்சருக்கு உள்ளது டீச்சருக்குத் தரும். தராம இருக்குமா? தரும்.”

குட்டன் பிள்ளை கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு முத்துநாயகத்தைப் பார்த்தார். அவரிடம் கேலியே இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறவனின் கவலைதான் இருந்தது. “சார், பாடத்தில் தரும் என்றால் பசு, மரம் என்று இருக்கிறது. ஆளுக்குத் தரும் வராது. ஆரு தரும்?”

“ஞான் தரும்” என்று முத்துநாயகம் வாய்தவறிச் சொன்னார்.

“நான் தருவேன்!” என்றது வகுப்பு. ஐம்பது தொண்டையும் ஒன்றாகச் சொன்னது. அவர்களுக்கு அது பாடம். சரியாகச் சொன்ன மகிழ்ச்சியில் மறுபடியும் சொன்னார்கள். “நான் தருவேன்.”

“சரி, சரி. நான் தருவேன்” என்றார் முத்துநாயகம். காது வரை சிவந்திருந்தது.

செல்லபாய் முன்வரிசையில் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். “அது எதிர்காலம் சார். அதுக்கு முந்தின பாடம் நிகழ்காலம். அதை ஒருதரம் சொல்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் தப்பியிருப்பார். ஐம்பது பேரும் தாளைப் புரட்டிப் பழைய பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிரின்ஸிப்பால் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தார்கள்.

“தருகிறேன்” என்றார் முத்துநாயகம்.

இழுப்பறையில் இருந்தது போதவில்லை. பாத்திரக்கடைக்கு ஆளனுப்பிக் கைமாற்று வாங்கவேண்டி வந்தது. அதுவரை செல்லபாய் எழுந்திருக்கவில்லை. பதினாறு பாடத்துக்கும் எட்டுப் பாடத்துக்கும் சேர்த்து மேசைமேல் வந்த பிறகுதான் பையின் வாயைத் திறந்தாள். தாளை முத்துநாயகத்திடம் நீட்டாமல் குட்டன் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

“முதல் தாளில எனக்க பேரு இருக்கு. ஸ்டென்சில் வெட்டும்பம் அதையும் வெட்டச் சொல்லுங்க.”

“சொல்வேன் டீச்சர்” என்றார் அவர்.

படி இறங்கும்போது முத்துநாயகம் பின்னாலேயே வந்தார். “இவ்வளவுபேருக்க முன்ன என்னை நாணங்கெடுத்தது சரியில்லை டீச்சரே. தனியா கேட்டிருந்தா தராமலா இருக்கும்?”

அவள் ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டே மிச்சப் படியும் இறங்கினாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வரவேண்டியது வந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுதியவள் ஒருத்தி கேட்டபோது தொண்டு என்றார், பொன்னாடை என்றார். ஐம்பது ஆண்பிள்ளைகள் கேட்டதும் இழுப்பறை திறந்துகொண்டது. அந்த ஐம்பது பேர் இல்லாத இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளைகளுக்கு யார் அளப்பார்கள்? மழை விட்டிருந்தது. சுசீந்திரத்துப் பாலத்தில் பழையாறு கலங்கிப் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. முந்தியின் முடிச்சை இறுக்கிப் பிடித்தபடி அவள் வழி நெடுக எரிந்துகொண்டே வந்தாள்.

ராஜையன் நாற்றங்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றான். அவள் வரப்பில் வருவதைப் பார்த்து, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தான்.

“சார் தந்தாரா?”

“தரல்ல.”

அவன் முகம் அப்படியே வாடிப்போயிற்று. செல்லபாய் முந்தியை அவிழ்த்து, அவன் துடைத்த கையில் வைத்து மூடினாள்.

“வாங்கினேன்” என்றாள்.